பானைச் சோறும் ஒரு கல்லும்: ஆடிட் வேலையிலிருந்து எஃப்.பி.ஐ. கணக்கு வேலைக்கு

2011-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை 16,000 பக்கம் இருக்கும். ரொனால்டு ரீகன் சிறுவயதில் வளர்ந்த ஊர் என்பதைத் தாண்டி அதற்குப் பெரிய பெயர் எதுவும் கிடையாது. நகராட்சியின் வரவு செலவு முழுவதும் ரீட்டா கிரண்ட்வெல் என்ற ஒரே அலுவலரின் கையில் இருந்தது. அவர் நீண்ட விடுப்பில் போயிருந்த நேரம். கணக்கைப் பார்க்க வேண்டியிருந்த நகராட்சி எழுத்தர், நகராட்சி பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்டையும் அனுப்பும்படி பேங்கைக் கேட்டார். வந்த கட்டில் அவர் கேள்விப்பட்டே இராத ஒரு கணக்கும் இருந்தது. தலைப்பில் நகராட்சியின் பெயர். உள்ளே லட்சக்கணக்கான டாலர் வந்திருந்தது. அது போனதோ நகராட்சிக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களுக்கு.

எழுத்தர் மேயரிடம் சொன்னார், மேயர் எஃப்.பி.ஐ.யிடம் போனார். அதன்பின் ஏறக்குறைய ஆறு மாதம் யாரும் மூச்சு விடவில்லை. ரீட்டா விடுப்பு முடிந்து வந்து வழக்கம்போல் வேலை பார்த்தார். 2012 ஏப்ரல் 17 அன்று அவரைக் கைது செய்தார்கள். 1990 டிசம்பரில் திறந்த அந்த ரகசியக் கணக்கு வழியாக அவர் சுருட்டியது மொத்தம் சுமார் 5 கோடியே 37 லட்சம் டாலர். அந்தப் பணத்தில் 400 குதிரைகள் கொண்ட பண்ணை நடத்தி, குதிரைப் போட்டிகளில் கோப்பைகள் வாங்கி, குதிரை வளர்ப்பவர்கள் வட்டாரத்தில் நாடறிந்த ஆளாகவும் இருந்தார். தண்டனை 19 வருடம் 7 மாதம்.

இங்கே யாருக்கும் ஒரு கேள்வி வரும். இருபது வருடத்துக்கு மேல் நடந்த திருட்டு. நகராட்சிக் கணக்கோ வருடா வருடம் தணிக்கை ஆகிறது. ஆடிட்டர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நகராட்சியும் அதையே கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில் ஆடிட்டர்களும் பேங்கும் சேர்ந்து சுமார் 4 கோடி டாலர் தருவதாகச் சமாதானம் செய்துகொண்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பணம் மட்டும் பதில் ஆகாது. ஆடிட் என்பது ஒரு வேலை, திருட்டைத் தேடிப் பிடிப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் இருந்து இரண்டாவது வேலைக்கு, அதுவும் அமெரிக்க மத்திய அரசின் துறைகளுக்குப் போவது எப்படி, போனால் எதையெல்லாம் மறக்க வேண்டியிருக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சோறு பதம்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் 'பப்ளிக் அக்கவுண்டிங்' என்றால் அரசாங்க வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பல வாடிக்கையாளர்களுக்குக் கணக்குத் தணிக்கையும் வரி வேலையும் செய்து தரும் தனியார் நிறுவனங்களின் தொழில் அது. டெலாய்ட், பி.டபிள்யு.சி., ஈ.ஒய்., கே.பி.எம்.ஜி. என்ற பெரிய நால்வரில் தொடங்கி, ஊர்க்கோடியில் ஒரே அறையில் நடக்கும் அலுவலகம் வரைக்கும் எல்லாம் இதில் அடக்கம். நம் ஊரில் ஆடிட்டர் என்றால் சி.ஏ.; அங்கே சி.பி.ஏ.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆடிட்டின் அடிப்படைத் தத்துவமே அதுதான். ஒரு கம்பெனியில் வருடத்துக்கு 2 லட்சம் பில் இருந்தால் 2 லட்சத்தையும் யாரும் பார்ப்பதில்லை. சிலவற்றை எடுத்து அமுக்கிப் பார்க்கிறார்கள். வெந்திருந்தால் பானையே வெந்தது என்று கொள்கிறார்கள். கூடவே 'மெட்டீரியாலிட்டி' என்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். கம்பெனியின் லாபம் 1 கோடி டாலர் என்றால், அதில் ஒரு 5 சதவீதம், அதாவது 5 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள தவறு, முதலீட்டாளரின் முடிவை மாற்றாது என்பது பொதுவான கணக்கு. கடைசியில் தருவதும் 'நியாயமான அளவு உறுதி' மட்டும்தான். முழு உறுதி கிடையாது. மோசடியைப் பற்றி ஆடிட்டருக்குப் பொறுப்பே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரிய அளவில் கணக்கைப் புரட்டும் மோசடியை அவர் கண்ணில் வைத்திருக்க வேண்டும் என்று தணிக்கைத் தரவிதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் அவர் கேட்கும் கேள்வி, சோறு வெந்ததா என்பது.

தடயவியல் கணக்காளர், அதாவது ஃபோரன்சிக் அக்கவுண்டன்ட், அதே பானையில் ஒரே ஒரு கல்லைத் தேடுகிறார். அந்தக் கல்லை எடுத்து, அது எந்தக் கடை அரிசியோடு வந்தது, யார் போட்டார், தெரிந்தே போட்டாரா என்பதுவரை நிரூபிக்க வேண்டும். ஒரு சோறு பதம் பார்ப்பதால் கல் கிடைத்துவிடாது. பானையைக் கவிழ்த்துத்தான் ஆகவேண்டும்.

டிக்சனில் நடந்ததை மறுபடி பாருங்கள். ரீட்டா நகராட்சியின் வேறு கணக்குகளில் இருந்து பணத்தை ஒரு மூலதனக் கணக்குக்கு மாற்றுவார். அங்கிருந்து 'பொருளாளர்' என்ற பெயருக்குச் செக் எழுதி, அதைத் தன் ரகசியக் கணக்கில் போடுவார். செலவுக்கு ஆதாரமாக, மாநில அரசு அனுப்பியதுபோல் ஒரு போலி பில் தயாரித்துக் கோப்பில் சொருகிவிடுவார். ஆடிட்டர் சாம்பிளாக அந்தச் செக்கை எடுத்தால்கூட, பில் இருக்கிறதா, இருக்கிறது; தொகை ஒத்துப்போகிறதா, போகிறது; டிக் அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாம். தடயவியல் ஆள் அங்கே நிற்பார். மாநில அரசுக்குக் கட்டிய செக்கின் பின்பக்கத்தைத் திருப்பி, அது எந்தக் கணக்கில் விழுந்தது என்று பார்ப்பார். இந்த ஒரு பழக்கத்தைத் தனியாகச் சொல்லக் காரணம், வேலையின் பாதி இதுதான். காகிதம் என்ன சொல்கிறது என்பதைவிட, பணம் எங்கே போய் இறங்கியது என்பது முக்கியம்.

இப்படிச் சின்னச் சின்னப் பழக்கங்கள் நிறைய உண்டு. ஒரு சப்ளையர் ஜனவரியில் அனுப்பிய பில்லின் எண் 101, பிப்ரவரியில் 102, மார்ச்சில் 103 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அந்தச் சப்ளையருக்கு உலகத்தில் உங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை என்று அந்த எண்கள் சொல்கின்றன. தபாலில் வந்ததாகச் சொல்லும் பழைய பில்லில் மடித்த தடமே இல்லாவிட்டால் அதுவும் பேசும். சப்ளையரின் முகவரியும் உள்ளே வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டு முகவரியும் ஒன்றாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

புள்ளிவிவர வித்தையும் உண்டு. இயல்பாகச் சேரும் தொகைகளில் முதல் இலக்கம் 1 ஆக இருப்பது சுமார் 30 சதவீதம், 9 ஆக இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. பென்ஃபோர்டு விதி என்று இதற்குப் பெயர். ஆட்கள் மனத்தில் தோன்றியபடி எண்களை எழுதினால் இந்த விகிதம் பொதுவாகக் குலைந்துவிடும். கேட்க மாயம்போல இருக்கும். நடைமுறையில் எங்கே தோண்டலாம் என்று கைகாட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். அதைச் சாட்சியாக வைத்து யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது.

உண்மையில் பெரும்பாலான மோசடிகள் கணிதத்தால் பிடிபடுவதில்லை. மோசடி ஆய்வாளர்களின் சங்கமான ஏ.சி.எஃப்.இ. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியிடும் ஆய்வறிக்கையில் திரும்பத் திரும்ப வருவது இது: பத்தில் நான்கு மோசடிக்கு மேல் யாரோ ஒருவர் கொடுத்த துப்பால் வெளிவருகிறது, வெளித் தணிக்கையால் முதலில் தெரியவருவது சில சதவீதம்தான். டிக்சனிலும் அப்படித்தான். ஒரு எழுத்தர் ஒரு ஸ்டேட்மென்டைப் பார்த்தார். கணக்காளரின் வேலை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பீரோவில் இருந்த பணம்

இந்தத் தொழிலின் மிகப் பழைய கருவி ஒன்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. நிகர மதிப்பு முறை என்பார்கள். திருடன் கணக்குப் புத்தகமே வைத்துக்கொள்ளாவிட்டாலும், அவன் வாழ்க்கையை வைத்து அவன் கணக்கை நாமே எழுதிவிடும் முறை.

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். அரசுத் துறை ஒன்றில் கொள்முதல் அதிகாரி. வருடச் சம்பளம் 95,000 டாலர். 2020 முடிவில் அவரிடம் 3,00,000 டாலருக்கு வாங்கிய வீடு, பேங்கில் 20,000, 15,000 டாலர் கார். மொத்தம் 3,35,000. வீட்டுக் கடன் 2,50,000. கழித்தால் நிகர மதிப்பு 85,000.

ஒரு வருடம் போகிறது. 2021 முடிவில் அதே வீடு, அதே கார். பேங்கில் 35,000. புதிதாக 90,000 டாலருக்கு ஒரு படகு. சொத்து மொத்தம் 4,40,000. வீட்டுக் கடனோ 2,00,000 ஆகக் குறைந்திருக்கிறது. நிகர மதிப்பு 2,40,000. ஆக, ஒரே வருடத்தில் 1,55,000 டாலர் கூடியிருக்கிறது. அந்த வருடம் அவர் சாப்பிட்டிருப்பார், வரி கட்டியிருப்பார், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியிருப்பார். ரசீதுகளைத் திரட்டிக் கூட்டினால் 70,000 வருகிறது. இரண்டையும் சேர்த்தால் 2,25,000. இவ்வளவு பணம் அவர் கையில் வந்திருந்தால்தான் இந்த வாழ்க்கை சாத்தியம். தெரிந்த வருமானம் 95,000. மிச்சம் 1,30,000 டாலர் எங்கிருந்து வந்தது?

பார்க்க நான்காம் வகுப்புக் கழித்தல்தான். சிக்கல் எல்லாம் அதன் விளிம்புகளில் இருக்கிறது. வீட்டின் சந்தை மதிப்பு ஏறியிருந்தால் அதை இங்கே சேர்க்கக் கூடாது. வாங்கிய விலையே கடைசிவரை நிற்கும், ஏனென்றால் விலை ஏற்றத்தால் யார் கைக்கும் காசு வருவதில்லை. மாமனார் படகுக்குப் பணம் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து கட்டாயம் சொல்லப்போகும் ஒரு வரி உண்டு: "என் கட்சிக்காரர் பல வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பீரோவில் வைத்திருந்த பணம் அது." அப்படி ஒரு பணம் நிஜமாகவே இருந்திருந்தால் உங்கள் தொடக்கப் புள்ளியான 85,000 தப்பு. தொடக்கம் தப்பென்றால் மொத்தமும் சரிந்துவிடும்.

1954-இல் ஹாலண்ட் என்ற தம்பதியின் வரி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த முறையை ஏற்றுக்கொண்டது, ஆனால் கடிவாளத்தோடு. தொடக்க மதிப்பை அரசு நியாயமான உறுதியோடு நிறுவ வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் சரிபார்க்கக்கூடிய ஒரு விளக்கம் கொடுத்தால் அதைத் துருவிப் பார்க்க வேண்டும் என்றது. அதனால்தான் பீரோப் பணத்தை உடைப்பதற்காக மாதக்கணக்கில் வேலை நடக்கும். ஐந்து வருடம் முன்பு இவர் கார் கடனுக்கு விண்ணப்பித்தபோது கையிருப்பு என்ன என்று எழுதினார்? கிரெடிட் கார்டு பாக்கிக்கு 24 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருந்தவர் பீரோவில் 1 லட்சம் வைத்திருந்தாரா? இப்படி.

இதன் முன்கதை எல்லோருக்கும் தெரிந்த ஆள் ஒருவருடையது. சிகாகோவின் தாதா அல் கபோன் தன் பெயரில் பேங்க் கணக்கு வைக்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1927-இல் சொல்லியிருந்தது. (இன்றும் அமெரிக்க வருமான வரித் துறையின் வழிகாட்டி நூல், திருடிய பொருளின் மதிப்பை அதே வருடத்தில் திருப்பிக் கொடுக்காவிட்டால் வருமானமாகக் காட்ட வேண்டும் என்று முகத்தில் சலனமே இல்லாமல் சொல்கிறது.) வரித் துறையின் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஃபிராங்க் வில்சன் பழைய கோப்புகளைக் கிண்டியபோது, 1926-இல் ஒரு சூதாட்ட விடுதியில் ரெய்டு நடத்திக் கைப்பற்றிய பேரேடு கிடைத்தது. அதில் இருந்த கையெழுத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டு, அது லெஸ்லி ஷம்வே என்ற கணக்கெழுத்தருடையது என்று கண்டுபிடித்து, ஃப்ளோரிடாவில் இருந்த அவரைத் தேடிப்பிடித்துச் சாட்சி சொல்ல வைத்தார்கள். 1931 அக்டோபரில் கபோனுக்கு 11 வருடச் சிறை. நான்கைந்து வருடம் அலமாரியில் தூங்கிய பேரேடு அது.

எந்தக் கதவு

வில்சன் இருந்த அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது: ஐ.ஆர்.எஸ்., அதாவது வருமான வரித் துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு. 1919-இல் தொடங்கியது. கணக்குப் படித்தவர்களுக்கு அது தாய்வீடு மாதிரி. அங்கே சிறப்பு முகவர் ஆக, கல்லூரியில் 15 செமஸ்டர் மணிநேரம் (அங்கே பாட அளவை எண்ணும் அலகு) கணக்கியலும், கூடவே நிதி, பொருளாதாரம், வரிச் சட்டம் போன்றவற்றில் 9 மணிநேரமும் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான வாசல். இவர்கள் துப்பாக்கி ஏந்துபவர்கள். பயிற்சி ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோவில். வாரம் 40 மணிநேரத்தைத் தாண்டிக் கூப்பிட்ட நேரத்துக்கு வரவேண்டும் என்பதற்காக அடிப்படைச் சம்பளத்தின் மேல் 25 சதவீதம் கூடுதல் உண்டு. 37 வயது நிறைவதற்குள் வேலையில் சேர்ந்துவிட வேண்டும். 57-இல் கட்டாய ஓய்வு.

எஃப்.பி.ஐ.யில் இரண்டு வாசல். ஒன்று சிறப்பு முகவர். அதற்கும் இதே வயது வரம்பு, குவாண்டிகோவில் பயிற்சி. ஓடவும் தண்டால் எடுக்கவும் தெம்பு இருக்க வேண்டும். இரண்டாவது வாசல் பலருக்குத் தெரிவதில்லை. 2009-இல் எஃப்.பி.ஐ. தடயவியல் கணக்காளர் என்று ஒரு தனிப் பதவியையே உருவாக்கியது. துப்பாக்கி கிடையாது, உடல் தகுதிச் சோதனை கிடையாது, அந்த 37 வயதுக் கெடுவும் கிடையாது. முகவர்களோடு விசாரணைக்குப் போவது, கிராண்ட் ஜூரி சப்பீனா (ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லும் உத்தரவு) வழியாக வரும் பேங்க் ஆவணங்களைப் பிரித்துப் பணத்தின் பாதையை வரைவது, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது இவர்கள் வேலை. நாற்பது வயதில் ஆடிட் நிறுவனத்து மேனேஜராக இருந்துகொண்டு மாறலாமா என்று யோசிப்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கதவைத்தான்.

இவை இரண்டோடு முடிந்துவிடவில்லை. பங்குச் சந்தை ஒழுங்காணையமான எஸ்.இ.சி.யின் அமலாக்கப் பிரிவில் கணக்காளர்கள் இருக்கிறார்கள். அங்கே சம்பள அட்டவணையே தனி, வழக்கமான மத்திய அரசு அட்டவணையைவிடக் கூடுதல். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய துறைகளில் உருவான, துறைக்குள் நடக்கும் முறைகேட்டைத் துருவும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகங்கள் உண்டு. மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் மோசடி என்றால் சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல். பாதுகாப்பு ஒப்பந்தக்காரர்கள் விலையை ஊதிப் பெருக்குகிறார்களா என்று பார்க்க டி.சி.ஏ.ஏ. என்ற தணிக்கை அமைப்பு. தபால் துறைக்கே தனிப் புலனாய்வுப் பிரிவு உண்டு என்றால் சிலர் நம்பமாட்டார்கள்.

எஸ்.இ.சி.யைச் சொல்லிவிட்டு மேடாஃபைச் சொல்லாமல் போக முடியாது. அடுத்தவர் பணத்தை முதலீடு செய்து தருவதாகச் சொன்ன பெர்னார்டு மேடாஃப் காகிதத்தில் காட்டிய சுமார் 6,500 கோடி டாலர் பொய் என்று 2008 டிசம்பரில்தான் வெளிவந்தது. ஹாரி மார்கோபோலோஸ் என்ற நிதி ஆய்வாளர் 2000-இலிருந்தே எஸ்.இ.சி.க்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆய்வுக்குப் போன அதிகாரிகள் மேடாஃபிடமே ஆவணம் கேட்டு, அவர் கொடுத்ததையே பார்த்தார்கள். அவர் பங்கு வாங்கினாரா, விற்றாரா என்று பங்குகளைப் பதிவுசெய்து வைக்கும் மூன்றாம் தரப்பு நிறுவனத்திடம் ஒழுங்காகச் சரிபார்த்திருந்தால் எல்லாம் அன்றைக்கே உடைந்திருக்கும் என்பது பின்னால் எஸ்.இ.சி.யின் சொந்த இன்ஸ்பெக்டர் ஜெனரல் விசாரணையில் வெளிவந்தது. அரசுத் துறையில் போய் உட்கார்ந்தால் மட்டும் தடயவியல் கண் வந்துவிடாது. சந்தேகப்படுபவர் கையிலிருந்தே ஆதாரத்தை வாங்குவது ஆடிட் பழக்கம். அதை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும்.

மறக்க வேண்டியதும் எழுதக் கூடாததும்

ஆடிட் நிறுவனத்தில் ஒரு செலவு புரியாவிட்டால் கம்பெனி மேனேஜரைக் கேட்போம். அவர் சொன்ன விளக்கத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு ஆதாரம் இணைத்து, கோப்பை மூடுவோம். வருட முடிவில் நிர்வாகம் 'எல்லாம் உண்மை' என்று ஒரு கடிதமும் தரும். புதிய வேலையில் விளக்கம் என்பது சோதிக்க வேண்டிய இன்னொரு கூற்று, அவ்வளவுதான். கட்டணம் தரும் வாடிக்கையாளர் என்று எதிரே யாரும் இல்லை. 6 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக நேரத்தை எழுதி பில் போடும் தொல்லையும் இல்லை. ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் 15 வரை வீட்டுக்குப் போகாமல் கிடக்கும் சீசனும் இல்லை. ஆனால் ஒரே வழக்கு மூன்று நான்கு வருடம் இழுக்கும். 'இந்த மாதம் எத்தனை முடித்தேன்' என்று எண்ணிப் பழகியவருக்கு முதல் வருடம் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

எழுதும் பழக்கமும் மாற வேண்டும். ஆடிட் கோப்பின் ஓரத்தில் 'இவர் கதை நம்பும்படி இல்லை' என்று பென்சிலில் கிறுக்கலாம். வழக்கில் நீங்கள் எழுதியது எதிர்த்தரப்பின் கைக்குப் போகலாம். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரம் இருந்தால் அரசுத் தரப்பு அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டு பிரேடி தீர்ப்பு. நீங்கள் போட்டுப் பார்த்த கணக்கில் ஒன்று அவருக்குச் சாதகமாக வந்ததா? அதைக் கிழித்துப் போட முடியாது.

பிறகு கூண்டு. ஜூரியில் உட்கார்ந்திருக்கும் 12 பேரில் ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவராக இருக்கலாம், இன்னொருவர் ஓய்வுபெற்ற நர்ஸாக இருக்கலாம். அவர்களிடம் டெபிட், கிரெடிட் என்று தொடங்கினால் போச்சு. பெட்டி பெட்டியாக இருக்கும் ஆவணங்களைச் சுருக்கி அட்டவணையாகக் காட்ட மத்தியச் சாட்சிய விதிகளில் 1006-ஆம் விதி இடம் தருகிறது. இந்த வேலையில் திறமைசாலி என்று பெயர் வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்த அட்டவணையால்தான் வாங்குகிறார்கள். மேலே போட்ட 1,30,000 டாலர் கணக்கை ஒரே பக்கத்தில், சொத்து, கடன், செலவு, சம்பளம், மிச்சம் என்று ஆறேழு வரியில் உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி எழுத முடிகிறதா என்று இப்போதே முயன்று பாருங்கள்.

உங்களையே ஆடிட் செய்வார்கள்

தகுதி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க சி.பி.ஏ. தேர்வை 2020-இலிருந்து இந்தியாவிலேயே எழுதலாம். சென்னையிலும் மையம் உண்டு. அதை முடித்துவிட்டால் எஃப்.பி.ஐ. கதவு திறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். எச்-1பி விசாவோ கிரீன் கார்டோ போதாது. குடியுரிமை இல்லாதவருக்கு வழி, பெரிய கணக்கு நிறுவனங்களின் ஃபோரன்சிக் பிரிவுகள். அங்கே கற்கும் வேலை கிட்டத்தட்ட இதே. பின்னால் அரசுக்கு மாறுபவர்களுக்கு அது நல்ல படிக்கட்டும்கூட.

சி.பி.ஏ. இருந்தால் பலம், எல்லா இடத்திலும் கட்டாயம் இல்லை. மத்திய அரசின் கணக்காளர் பதவி வரிசைக்குப் பொதுவாகக் கேட்பது 24 செமஸ்டர் மணிநேரக் கணக்கியல் படிப்பு. ஏ.சி.எஃப்.இ. தரும் சி.எஃப்.இ. சான்றிதழ் கூடுதல் நகை. விண்ணப்பம் பெரும்பாலும் மத்திய அரசின் யு.எஸ்.ஏ. ஜாப்ஸ் தளத்தில். பதவிக்கு அடுத்த கீழ்ப்படிக்குச் சமமான வேலையை ஒரு வருடம் பார்த்ததை நிரூபிக்க வேண்டும் என்பதால், 'ஆடிட் செய்தேன்' என்று எழுதினால் எடுபடாது. எந்த வாடிக்கையாளர் என்று பெயர் சொல்லாமல், பணப் பாதையைத் தொடர்ந்தது, பேங்க் ஒப்பீட்டில் ஓட்டை கண்டது, ஊழியர்களிடம் மோசடி பற்றி நேரில் விசாரித்தது என்று செய்த வேலையைச் செய்தபடி எழுத வேண்டும். சம்பளம்? பெரிய நால்வரில் மேனேஜராக இருந்தவருக்கு முதலில் குறையவே செய்யும். ஓய்வூதியமும் ஒழுங்கான வேலை நேரமும் அதை ஈடுகட்டுமா என்பது அவரவர் வீட்டுக் கணக்கு. காலமும் ஒத்துழைக்க வேண்டும். 2025 ஜனவரியில் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே மத்திய அரசு ஆள்சேர்ப்பை நிறுத்திவைத்தது போல, வாசல் மூடித் திறப்பது நம் கையில் இல்லை.

அப்புறம் பின்னணி விசாரணை. எஃப்.பி.ஐ.க்கு உச்ச ரகசிய அனுமதி வேண்டும். பொய் கண்டறியும் கருவிச் சோதனையும் உண்டு. எஸ்.எஃப்.-86 என்ற நீண்ட படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்ற நம் ஆட்கள் திணறுவது இங்கேதான். ஊரில் அண்ணன் பெயரோடு சேர்த்து எழுதிய மனை, மறந்துபோன பேங்க் டெபாசிட், மாதாமாதம் பேசும் சித்தப்பா, எல்லாம் அதில் வர வேண்டும். வெளிநாட்டு பேங்க் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், எஃப்பார் என்ற தனி அறிக்கையை வருடந்தோறும் அரசுக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஊரில் கிடக்கும் பணத்துக்கு இங்கே என்ன கணக்கு என்று விட்டவர்கள் ஏராளம். அடுத்தவரின் ஒளித்த கணக்கைத் தேடும் வேலைக்கு, தன் கணக்கைச் சொல்லாமல் விட்டவர் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே ஒரு வரி ஆலோசகரிடம் போய்ச் சரிசெய்துகொள்வது நல்லது.

ஊரில் நிலம் இருப்பது தவறில்லை. மறைப்பதுதான் ஆபத்து, அதற்குக் காரணமும் உண்டு. அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தைக் குலைக்கும் விஷயம் எதுவானாலும் எதிர்த்தரப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டு ஜிக்லியோ தீர்ப்பு சொல்கிறது. படிவத்தில் ஒரு பொய் சொன்னவர் கூண்டில் ஏறினால், முதல் கேள்வி கணக்கைப் பற்றி இருக்காது, அந்தப் பொய்யைப் பற்றி இருக்கும். அதனால் கூண்டுக்கு ஏற்ற முடியாத கணக்காளரை எந்தத் துறையும் எடுக்கத் தயங்கும்.

இந்த வேலை மேல் ஆசை இருந்தால், விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு பழைய நோட்டை எடுங்கள். கடந்த 10 வருடத்தில் குடியிருந்த வீட்டு முகவரிகள் எல்லாம், எந்த மாதம் குடிபோனீர்கள், எந்த மாதம் காலி செய்தீர்கள். கடந்த 7 வருடத்தில் எத்தனை முறை ஊருக்குப் போனீர்கள், எந்தத் தேதி, வழியில் எந்த நாட்டில் இறங்கினீர்கள். பழைய பாஸ்போர்ட்டில் முத்திரை மங்கியிருந்தால் ஈமெயிலில் விமான டிக்கெட்டைத் தேடுங்கள். தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஒரு மாதம் இடைவெளி வந்து நிற்கும். அந்த மாதம் எங்கே இருந்தோம் என்று பழைய பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்து, எந்த ஊர் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தோம் என்று பார்ப்பீர்கள்.